இரவல் பெயரில் ஒரு கடற்கரை

எட்டு மாதம் நான் ஒரு கடற்கரைக்குச் சொந்தக்காரியாக இருந்தேன். நம்பாதவர்கள் திருகோணமலைக் காணிப் பதிவுக் கந்தோருக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். நிலாவெளியில் ஒன்றே கால் ஏக்கர். நாற்பத்தொரு தென்னை, உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்று, மேற்கே வண்டிப் பாதை, கிழக்கே கடல். உறுதிப் பத்திரத்தில் எல்லை சொல்லும்போது அப்படித்தான் எழுதுவார்கள்: கிழக்கே கடல். அதை எழுதும் நொத்தாரிசுமார் தங்களை அறியாமல் கவிதை எழுதிவிடுகிற ஒரே இடம் அது.

அந்தக் காணி எனக்குத் தந்த மொத்த வருமானம் இரண்டு தேங்காய். (அதுவும் விற்றவர் இரக்கப்பட்டுத் தந்தது.) என்னிடமிருந்து அது எடுத்துக்கொண்டவை ஒரு வேலை, ஒரு மாப்பிள்ளை, கொஞ்சம் மரியாதை. மாப்பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வேலை நல்ல வேலை.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த ஒரு பிரக்கிராசியாரின், அதாவது வழக்கறிஞரின், கந்தோரில் தட்டெழுத்தாளர். கொன்வென்ட்டில் படித்ததால் இங்கிலீசு வரும். கவிதையும் எழுதுவேன். எவரும் கேட்காமலே எழுதினேன், எவரும் வாசிக்காததால் இன்னும் எழுதினேன். என் கவிதைகளில் கடல் இல்லாத பக்கம் கிடையாது. உண்மையில் எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு இவ்வளவுதான்: வீட்டிலிருந்து கந்தோருக்குப் போகும்போது அது இடப்பக்கம் கிடக்கும், திரும்பி வரும்போது வலப்பக்கம் கிடக்கும். நீந்தத் தெரியாது. தோணியில் ஏறினால் வாந்தி.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்கு. பெண்ணின் பேரில் எழுதிய உறுதி இல்லாமல் கலியாணம் பேச எவரும் படலையைத் திறக்கமாட்டார்கள். எங்கள் வீடு அம்மாவின் சீதனம். அது புஷ்பம் அக்காவுக்குப் போய்விட்டது. எனக்கென்று உப்புவெளியில் ஒரு துண்டுக் காணி இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியபோது, டொக்யாட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்த அப்பாவுக்கு வேலை போனது. சும்மா இருந்திருக்கலாம். என் காணியை விற்று, மீனுக்கு ஐஸ் கொடுக்கும் வியாபாரம் தொடங்கினார். ஐஸ் என்ன செய்யும் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்றைக்கு அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். பதினொரு வருஷம். ஒரே வீடு, ஒரே குசினி, ஒரே கிணறு. "அவரைக் கேள், சோறு போடட்டோ எண்டு." அப்பா இரண்டு முழத்துக்கு அப்பால் கதிரையில்தான் இருப்பார். "ஓம் எண்டு சொல்லு." நான் நடுவில் நின்று தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பேன். அம்மாவின் "இந்த மனிசனுக்கு" என்பதை "அப்பாவுக்கு" என்று மாற்றுவேன். அப்பாவின் பெருமூச்சை விட்டுவிடுவேன். மொழிபெயர்ப்பில் எதை விழுங்க வேண்டும் என்ற வித்தை எனக்கு அந்த வீட்டில் படிந்தது. அந்தத் திறமைதான் பிறகு என்னை நிலாவெளி மணலில் கவிழ்த்தது.

இனி வெர்னர். ஜேர்மனியில் பல் வைத்தியராக இருந்து ஓய்வெடுத்தவர். அவித்த நண்டின் நிறம், நண்டைப் போலவே பக்கவாட்டு நடை. இரண்டு முறை உல்லாசப் பயணியாக வந்தவர் மூன்றாம் முறை காணி வாங்க வந்தார். பிரக்கிராசியார் அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, சட்டத்தைச் சொன்னார்: இந்த நாட்டுப் பிரசை அல்லாதவர் காணி வாங்கினால், காணிக்கு என்ன விலையோ அதே அளவு அரசாங்கத்துக்கு வரியும் கட்ட வேண்டும். அதாவது ஒரு காணிக்கு இரண்டு காணி விலை. வெர்னரின் முகத்தில் மருந்து வைக்காமல் பல்லைப் பிடுங்கிய வேதனை. தொப்பியை மேசையில் மறந்துவிட்டு எழுந்து போனார்.

தொப்பியைக் கொண்டு விறாந்தைக்கு ஓடியவள் நான்.

"வேற வழி ஒண்டு இருக்கு," என்றேன், இங்கிலீசில்.

அந்த வசனத்தை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே பெற்றெடுத்தது. நூறு உறுதி தட்டெழுதியவள் தனக்குச் சட்டம் தெரியும் என்று நினைப்பது, நூறு மீன் வெட்டியவள் தனக்கு நீந்தத் தெரியும் என்று நினைப்பதற்குச் சமம். ஆனால் அன்று என் தலைக்குள் ஒரே வெளிச்சம். அவர் விலையைக் கொடுப்பார். உறுதி என் பேரில் இருக்கும். நான் இந்த நாட்டுப் பிரசை, எனக்கு அந்த வரி இல்லை. காணி அவருடையது, பெயர் மட்டும் இரவல். எவருக்கும் நட்டம் இல்லை. (அரசாங்கத்துக்கு நட்டம்தான். அரசாங்கம் நட்டப்படுவதை எங்கள் ஊரில் எவரும் நட்டமாக எண்ணுவதில்லை.)

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அந்தக் கையாட்டலை நினைக்க இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு வேண்டியது ஒரு யன்னல். அவர் கட்டப்போகும் வீட்டில், கடலைப் பார்த்த யன்னல் ஒன்று, கீழே ஒரு மேசை. அவர் வருஷத்தில் ஒன்பது மாதம் ஜேர்மனியில் இருப்பார். வீட்டைப் பூட்டித் திறப்பை நான் வைத்திருப்பேன். நான் அங்கிருந்து காவியம் எழுதுவேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். இன்னும் கட்டாத வீட்டில் இன்னும் வைக்காத யன்னலைக் கொடுக்க எவன் கஞ்சத்தனம் பார்ப்பான்?

பல் வைத்தியர் கவனமான மனிதர். எனக்கு ஒரு கடதாசி எழுதித் தா, காணி என்னுடையது என்று, என்றார். இங்கிலீசில் நாலு வரி தட்டெழுதிக் கையெழுத்து வைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் முட்டாள். ஆனால் அந்த நாலு வரி எனக்கு வறண்டதாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து, அதற்குக் கீழே தமிழில், என் கையால், மையால், ஒரு பந்தி எழுதிச் சேர்த்தேன். வெர்னருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. எழுத்தின் வளைவுகளைப் பார்த்துத் தலையாட்டினார். என் முதல் ரசிகர். அதை மடித்து ஒரு தகரப் பிஸ்கற் பேணிக்குள் வைத்துக்கொண்டார்.

காணியின் சொந்தக்காரர் யூசுப் காக்கா, நிலாவெளிக்காரர். வாங்குவது நான் என்றதும் அவருக்குச் சந்தோஷம். வெள்ளைக்காரர் வாங்கினால் கடலுக்கும் வேலி போடுவார்கள் தங்கச்சி, நீங்கள் வாங்கினால் எங்கள் வலைக்கு வழி விடுவீர்கள் என்றார். வழி விடுவதாக ராணியைப் போல வாக்குக் கொடுத்தேன். பிரக்கிராசியார்தான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆற்ற காசு?"

"மலாயாவில இருக்கிற மாமா அனுப்பினவர்."

மலாயாவில் ஒரு மாமா இல்லாத குடும்பம் அந்த நாளில் ஏது? அவர் மேலே கேட்கவில்லை. உறுதியைத் தட்டெழுதியவளும் நானே. என் பெயரை நானே அடித்து, இனிமேல் இவர் கொள்வனவாளர் எனப்படுவார் என்றும் நானே அடித்துவிட்டு, அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். என் பெயர் அச்சு மாதிரி விழுந்தது அதுவே முதல் தடவை. பத்திரிகைகள் எல்லாம் திருப்பி அனுப்பிய பெயர்.

வெர்னர் ஊருக்குப் போனார். நான் யன்னலைப் பற்றி ஒன்பது கவிதை எழுதினேன். இரகசியம் இரண்டு கிழமை உயிரோடு இருந்தது.

காணிப் பதிவுக் கந்தோரின் இலிகிதர் ஒருவருக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார்; பெயர் செல்லத்துரை, தொழில் கலியாணத் தரகு. நாலு வருஷமாக எங்கள் படலையைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனவர், ஒரு காலை உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார். உங்கள் இளையவளுக்கு நிலாவெளியில் கடலோரக் காணி எழுதிவிட்டு எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லையே என்று குறைப்பட்டார்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தன் வீட்டு விஷயம் தனக்குத் தெரியாது என்று ஒரு தரகர் முன்னால் ஒத்துக்கொள்வதற்கு அவர் வேறு வயிற்றில் பிறந்திருக்க வேண்டும். "ஓம்," என்றார் அம்மா, முந்தானையை இழுத்துவிட்டு. "சத்தம் போடாமல் செய்தனாங்கள்."

அன்று மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வந்தபோது வீட்டில் விளைமீன் பொரியல் மணத்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். அம்மா என்னைத் தாண்டிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்து, நேரே, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்றார்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு, "கொஞ்சம்," என்றார்.

நடந்தது எனக்கு ஒரு நாள் கழித்துத்தான் விளங்கியது. விற்றுத் தின்ற காணிக்குப் பதிலாக அப்பா எப்படியோ, யாருக்கும் சொல்லாமல், எனக்கு ஒரு காணி வாங்கி வைத்துவிட்டார் என்று அம்மா நினைத்தார். செல்லத்துரை சந்தையில் அப்பாவையும் பிடித்து வாழ்த்தியிருந்தார். அப்பா நினைத்தது வேறு: பதினொரு வருஷம் சீட்டுக் கட்டி அம்மாதான் வாங்கியிருக்கிறார், அதைத் தன் முகத்தில் எறியாமல் குழம்பு விடுகிறார். இரண்டு பேரும் மற்றவரின் பெருந்தன்மையில் நனைந்துபோய் இருந்தார்கள். நன்றி சொன்னால் அது கூசிப்போகும் என்று இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கேட்டுத் தெளிந்துகொள்வது என்ற ஒன்று எங்கள் குடும்பத்தில் அதுவரை நடந்ததில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனேன். முற்றத்தில் அப்பா அம்மாவுக்குத் தேங்காய் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். அப்பாவின் முன்பல் ஒன்று விழுந்திருந்ததை அன்றுதான் கண்டேன். பதினொரு வருஷம் அந்த மனிதர் வாயைத் திறந்து சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அது திரும்ப மூடிக்கொள்ளும். இன்னொரு நாள் சொல்வோம் என்று திரும்பிவிட்டேன். (கோழைத்தனத்துக்கு நான் வைத்த பெயர் பாசம்.)

சம்பந்தங்கள் வந்தன. எப்படி வந்தன என்றால், மழைக்குப் பிறகு ஈசல். ஒருவர் தம்பலகாமத்திலிருந்து, ஒருவர் மூதூரிலிருந்து, ஒருவர் மட்டக்களப்பிலிருந்தே. என் மூக்கைப் பற்றி முன்பு குறை சொன்ன வீடு ஒன்று, அதே மூக்கு லட்சணமானது என்று ஆள் அனுப்பியது. அம்மாவும் அப்பாவும் கூடிப் பேசித் தேர்ந்தது தம்பலகாமத்து ஆசிரியர் சிவலிங்கத்தை. கூடிப் பேசி என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பாயில் அமர்ந்து, ஒரே சாதகத்தை இரண்டு பேரும் பிடித்துப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். பாவம், கால் மணித்தியாலம் பார்த்தார்கள். காணியைப் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்கினார்கள்.

எங்கள் மூன்று பேருக்கு ஒரு வாடகைக் கார்; அவர்களுக்கு இரண்டு கார், ஒன்பது பேர், ஆறு குடை, அளவு நாடா ஒன்று, குழி தோண்ட இரும்பு அலவாங்கு ஒன்று. முன்னால் நடந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, கிராமத் தலைவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற விதானையார். காணிச் சண்டை இல்லாத ஊரில் பிறந்தால் செத்தே போயிருப்பார். அவர் ஒவ்வொரு தென்னையாகத் தட்டிப் பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். மாப்பிள்ளையின் தாய் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினார். சிவலிங்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெல்லிய மனிதர், நல்ல மீசை. ஒரு கணம் எனக்கு அவரைப் பிடித்துக்கூடப் போனது. அந்தக் கணத்தில்தான் தாழம்பற்றைக்குப் பின்னாலிருந்து ஒரு மண்வெட்டி வந்தது. மண்வெட்டிக்குப் பின்னால் வெர்னர் வந்தார்.

மார்கழியில் வருவதாகச் சொல்லிப் போன மனிதர், எனக்கு அறிவிக்காமல் பத்து நாளைக்கு முன்பே வந்து, கிடுகுக் கொட்டில் ஒன்றும் போட்டு, மணலில் பாத்தி கட்டிக் கோவா, அதுதான் முட்டைக்கோசு, நட்டிருந்தார். கடற்கரையில் கோவா. உப்புக் காற்றில் ஒவ்வொரு கன்றும் கிழவனின் காது மாதிரிச் சுருண்டு கிடந்தது. இடுப்பில் ஒரு சின்னக் காற்சட்டை. அதற்கு மேலே வெறும் வெர்னர்.

பெண்கள் ஆறு பேரும் குடைகளைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தன்னை வரவேற்க என் சுற்றத்தார் திரண்டு வந்திருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு கையையும் விரித்து, என் காணிக்கு வாருங்கள், வாருங்கள் என்றார் இங்கிலீசில். அங்கே அந்த மொழி தெரிந்தவள் நான் ஒருத்தி. அப்பாவுக்கு டொக்யாட் இங்கிலீசு கொஞ்சம் தெரியும், அது சாமான்களின் பெயர்.

"ஆர் இது?" என்றார் விதானையார்.

"வாடகைக்கு இருக்கிறவர்," என்றேன்.

இப்படி ஒரு பொய் என்னிடம் தயாராக இருந்தது எனக்கே தெரியாது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சந்தோஷச் சலசலப்பு. வெள்ளைக்காரனே வாடகைக்கு இருக்கிற காணி. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் புதுத் தாலி மின்னியது. அப்பாவோ அம்மாவைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய்க்காரி ஒரு நிபந்தனை சொன்னார்: வீடு கட்டத் தொடங்க வேண்டும், தைக்கு முன்னம் இவர் எழும்ப வேண்டும், கேட்டுச் சொல்லுங்கோ. நான் வெர்னரிடம் திரும்பி, இவர்கள் தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறார்கள், குடிக்கிறீர்களா என்றேன். மிகுந்த சந்தோஷத்தோடு என்று நெஞ்சில் கைவைத்தார். "சந்தோஷமா எழும்புறாராம்," என்றேன். பதிலுக்கு வெர்னர், இந்த மண்ணில்தான் சாக விரும்புகிறேன் என்று சொல்லி மணலைக் காட்டினார். "மண் நல்ல மண்ணாம்." வெர்னருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி போனது. பத்து நிமிஷம் நான் அந்தக் கரையில் ஒரு சாம்ராச்சியத்தையே நடத்தினேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான். ஒரு வார்த்தையும் மூலத்தில் இல்லை.

விதானையார் காரியக்காரர். தேத்தண்ணி குடித்து முடித்ததும், தலைவாசல் வரவேண்டிய மூலையைக் காலால் அளந்துகொண்டே போய், ஓர் இடத்தில் நின்று, அலவாங்கை ஓங்கிக் குத்தினார். கோவாப் பாத்தியின் நடுவில்.

வெர்னர் எழுப்பிய சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அலவாங்கைப் பிடுங்கி எறிந்தார். தன் நெஞ்சைக் காட்டினார், நிலத்தைக் காட்டினார், கொட்டிலுக்குள் ஓடினார். வெளியே வந்தபோது கையில் பிஸ்கற் பேணி.

எனக்கு அப்போதுதான் கடலில் இறங்கிவிடலாமா என்ற யோசனை வந்தது. கிழக்கே கடல். நாலே அடி.

கூட்டத்தில் படித்தவர் போல் இருந்தவர் சிவலிங்கம். கடதாசி அவர் கைக்குப் போனது. மேல் பாதி இங்கிலீசு, விட்டார். கீழ்ப் பாதி தமிழ். தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்ல ஆசிரியர் என்பதில் சந்தேகமில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, கடற்காற்றுக்கு மேலால் கேட்கும்படி வாசித்தார்:

"இக்காணி எனதன்று. இதில் வீசும் காற்றும் எனதன்று. வெர்னர் என்னும் பெருமகனார் தம் பொருள் கொடுத்துக் கொண்ட நிலத்துக்கு, வெயிலுக்குக் குடை கொடுப்பதுபோல் என் பெயரைக் கொடுத்தேன். குடை நிலத்தை ஆள்வதில்லை. அவர் கேட்கும் நாளில் என் பெயரை மடித்து எடுத்துக்கொண்டு அகல்வேன். அதுவரை, அலைகளே சாட்சி."

என் எழுத்து சபையில் அரங்கேறியது அன்றுதான். சபையில் ஒன்பது பேர், என் பெற்றோர், ஒரு ஜேர்மன்காரர், சத்தம் கேட்டு வலையை விட்டு வந்த யூசுப் காக்கா. கைதட்டல் இல்லை.

அம்மா அப்பாவிடம் திரும்பினார். "இது நீங்கள் வாங்கினதில்லையோ?"

"நீர் சீட்டுக் கட்டி வாங்கினதெண்டெல்லோ நான் இருந்தனான்," என்றார் அப்பா.

இரண்டு பேரும் அந்த ஏழு மாதத்துக் குழம்பையும் சிரிப்பையும் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய முகமாக மாறத் தொடங்கியது. பதினொரு வருஷமாகப் பார்த்த முகம். எனக்கு மாப்பிள்ளை போனாலும் போகட்டும், அந்த முகம் வரக்கூடாது என்று நின்றேன்.

விதானையார் மட்டும் கலங்கவில்லை. கடதாசியை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துச் சிவலிங்கத்திடம் நீட்டினார். "நொத்தாரிசு முன்னால எழுதினதில்லை. சாட்சி ரெண்டு பேர் வேணும். அலை கையெழுத்து வைச்சிருக்கோ?" பிறகு அப்பாவிடம் சொன்னார், கடையில் சாமான் விலை சொல்லும் குரலில்: "உறுதி பிள்ளையின்ர பேரில. வெள்ளைக்காரனால ஒண்டும் செய்யேலாது, வழக்கு வைச்சால் அவன்தான் வரிக்கு ஒளிச்ச கள்ளன். கலியாணத்தை நாங்கள் குறிச்ச நாளிலயே வைப்பம்."

தாய்க்காரி தலையாட்டினார். சிவலிங்கம் கடதாசியை அழகாக நாலாக மடித்தார். அந்த மடிப்பில்தான் எனக்கு அவர் மீசை பிடிக்காமல் போனது.

ஆனால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசை. மறுக்கவில்லை. வெர்னர் முறிந்த கோவாக் கன்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று என்னையே கேட்டுக்கொண்டு நின்றார். நான் வாய் மூடி நின்றேன். விதானையார் சொல்வது சட்டப்படி சரி என்று எனக்குத் தெரியும். காணி என்னுடையது. யன்னலும் என்னுடையதாகலாம், எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அந்தக் காணி கிடந்தாலே போதும், யார் வாங்கினால் என்ன. இப்படியெல்லாம் யோசித்தேன். குடை நிலத்தை ஆள்வதில்லையாம். எழுதியவளின் இலட்சணம்.

பேசியவர் அப்பா.

"ஏலாது," என்றார்.

விதானையார் காது கேட்காதவர் போலப் பார்த்தார்.

"ஒருக்கா என்ர பிள்ளையின்ர காணியை வித்துத் திண்டவன் நான். இன்னொருத்தன்ர காணியையும் திண்ண ஏலாது. செமிக்காது."

பதினொரு வருஷத்தில் அப்பா அந்த விற்பனையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அம்மாவிடம் சொல்லாததை ஒரு கடற்கரைக் கூட்டத்துக்குச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் குடைகளை விரித்துக்கொண்டு காருக்கு நடந்தார்கள். தென்னைகளில் சுண்ணாம்புக் கோடு மிச்சம் இருந்தது.  அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்கோ, போவம்," என்றார். என்னிடம் அல்ல.

திரும்பும் காரில் நான் முன்னால், அவர்கள் பின்னால். உப்புவெளி வந்ததும் அம்மா கேட்டார், "இவளுக்கு ஆர் இங்கிலீசு படிப்பிச்சது?"

"நீர்தானே கொன்வென்ரில கொண்டுபோய் விட்டனீர்."

"தமிழ்ப் பள்ளிக்கூடத்தில விட்டிருந்தால் மட்டும்? அந்தக் கவிதையை எந்த மொழியில எழுதினவள்?"

"அது உம்மட பக்கத்துப் புத்தி. என்ர பக்கத்தில ஒருத்தரும் எழுதினதில்லை."

படலை வரும்வரை நிற்கவில்லை. இறங்கியும் நிற்கவில்லை. நான் காரில் மறந்துபோன குடையைப் போல இருந்தேன். என் கல்வி, என் வளர்ப்பு, என் பிறப்பு, நான் வயிற்றில் இருந்தபோது அம்மா சாப்பிட்ட பொருட்கள் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். என்னைத் திட்டுவதற்கு அவர்களுக்கு நான் நடுவில் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை பிரக்கிராசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மலாயா மாமா சுகமோ?" என்றார். வெர்னரை அழைத்து, காணியை அவர் பேருக்கே மாற்றலாம், அந்த வரியைக் கட்டினால் போதும் என்றார். வெர்னர் பழைய நண்டு நிறத்துக்கு வந்து, இந்த நாட்டில் நேர்மையானவர்கள் இல்லை என்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். வரிக்கு ஒளித்தவர் நேர்மை பேச, அதை வரிக்கு ஒளிக்க வழி சொன்ன நான், கந்தோருக்கு வந்திருந்த யூசுப் காக்காவுக்கு மொழிபெயர்த்தேன். கடைசியில் யூசுப் காக்காவே குறைந்த விலைக்குக் காணியைத் திருப்பி எடுத்தார். காசு வெர்னருக்குப் போனது. எனக்கு அந்த இரண்டு தேங்காய். "நீங்க நல்ல சொந்தக்காரி தங்கச்சி, ஒரு கரைச்சலும் தரல்ல," என்றார் காக்கா. அவர் கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த உறுதியையும் நானே தட்டெழுதினேன். அடித்து முடித்ததும் பிரக்கிராசியார் எழுந்து வந்து, தட்டெழுத்து இயந்திரத்தைத் துணியால் மூடினார். வேலை போய்விட்டது என்று விளங்க அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு ஆசிரியையானேன். கலியாணமும் ஆனது, சீதனம் கேட்காத ஒருவரோடு. காணி இல்லை என்று ஊருக்கே நிச்சயமாகத் தெரிந்த ஒரே பெண் நீர்தான், ஏமாறப் பயமில்லை என்று சொல்லித்தான் அவர் பெண் கேட்டார்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இதற்குள் மூன்று கவிதைத் தொகுதி போட்டுவிட்டேன். கட்டுகள் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. என் கணவருக்கு அவற்றிலிருந்து ஒரு வரி சொல்லத் தெரியாது. எனக்கே தடுமாறும். ஆனால் என் எழுத்தில் ஒரு வரி எங்கள் குடும்பத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் பாடம். அக்காவின் மகள் பக்கத்து வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டால், "இச்சேலை எனதன்று" என்பாள். மருமகன் சைக்கிள் இரவல் வாங்கினால் ஏறும்போதே சொல்லிக்கொண்டு ஏறுவான்.

வீட்டுக்குப் புது ஆள் யாராவது வந்துவிட்டால் மூலத்தையே ஒப்புவிப்பார்கள். அம்மா குசினி வாசலில் சாய்ந்து நின்று, ஆசிரியரின் குரலில் தொடங்குவார்: இக்காணி எனதன்று. அப்பா கதிரையில் இருந்தபடி, பல்லில்லாத வாயால், அடுத்ததை எடுப்பார்: இதில் வீசும் காற்றும் எனதன்று. ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் பிடித்து, ஒரு சொல்லும் பிசகாமல், அலைகள் வரைக்கும் போவார்கள். வந்தவர் சிரிப்பார். நான் தேத்தண்ணி ஊற்றுவேன்.